எஞ்சின் வந்த பிறகும் பாய் விரித்தே சிப்பி வாரிய படகு

கேள்வி இது: "எஞ்சின் வந்து பல காலம் ஆன பிறகும் அமெரிக்காவில் ஒரு இடத்தில் மரத்தால் செய்த பாய்மரப் படகில்தான் சிப்பி எடுத்தார்களாம். ஏன்? பழமை மேல் அவ்வளவு பாசமா? அந்தப் படகில் அப்படி என்ன விசேஷம்?"

பாசமெல்லாம் இல்லை. சட்டம் அப்படி இருந்தது. மேரிலாந்து மாநிலத்தில் சிப்பி வாருகிற படகு பாயில்தான் ஓட வேண்டும் என்று 1865-ல் ஒரு விதி போட்டார்கள். நூறு வருஷம் கழித்தும் அது முழுசாக ஒழியவில்லை. அந்த விதியின் நிழலில் பிறந்து வளர்ந்த படகுக்குத்தான் ஸ்கிப்ஜாக் என்று பெயர். ஆனால் சட்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்தால் ருசியான பகுதியெல்லாம் விட்டுப்போகும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடம். செசபீக் விரிகுடா அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்குள் ஏறக்குறைய 200 மைல் நீளத்துக்குப் புகுந்து கிடக்கிறது. பெயர்தான் விரிகுடா. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற பிரமாண்டமான கழிமுகம் என்பதுதான் சரி. சராசரி ஆழம் 21 அடி. அந்த அரை உப்புத் தண்ணீர் சிப்பிக்கு ரொம்பப் பிடித்தது. சிப்பி என்றதும் நமக்கு முத்து ஞாபகம் வரும். இது சதைக்காகத் தின்கிற சிப்பி, பழவேற்காட்டுக் கழியில் கிடைக்கும் ஆளிக்கு உறவு. அதன் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்துவிட்டு, கெட்டியான எதிலாவது ஒட்டிக்கொண்டால்தான் பிழைக்கும். செத்த சிப்பியின் ஓடு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. இப்படி ஓட்டின் மேல் ஓடு ஏறித் திட்டுத் திட்டாக உயரும். மன்னார் வளைகுடாவில் சிப்பி விளையும் இடத்தைப் 'பார்' என்போம். செசபீக்காரர்களும் 'பார்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லின் வேர் வேறு, ஒலி மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறது. நானும் பார் என்றே எழுதுகிறேன். இந்த ஓட்டு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வடக்கே நியூ இங்கிலாந்துப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஊர்ப் பார்களை வாரித் தீர்த்துவிட்டு, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து இறங்கினார்கள். கையோடு கொண்டுவந்தது இரும்பு வாரி. முன்பக்கம் பல் வைத்த ஒரு கனமான இரும்புச் சட்டகம், பின்னால் இரும்பு வளையங்களைக் கோத்த பை. கயிற்றில் கட்டி அடியில் இழுத்துப் போனால் பாரை அப்படியே சுரண்டிக்கொண்டு வரும். உள்ளூர்க்காரர்களிடம் இருந்ததெல்லாம் கத்தரிக்கோல் மாதிரி இணைத்த நீண்ட கைப்பிடி இடுக்கி. படகின் ஓரத்தில் நின்றுகொண்டு ஆழம் துழாவி அள்ளுவார்கள். இடுக்கிக்காரன் நாளெல்லாம் அள்ளுவதை வாரி சில இழுப்பில் அள்ளிவிடும். பயந்துபோன மேரிலாந்து 1820-ல் வாரியையே தடை செய்தது.

அப்புறம் ரயில் வந்தது, டின்னில் அடைக்கும் தொழில் வந்தது. மேரிலாந்தின் துறைமுக நகரமான பால்டிமோரில் அடைத்த சிப்பி நாடு முழுக்கப் போயிற்று. பணம் இவ்வளவு புரளும்போது தடை எத்தனை நாள் தாங்கும்? உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ல் மாநிலம் இறங்கி வந்தது. உள்ளூர்க்காரனுக்கு வாரி உரிமம் உண்டு, ஆனால் அதை இழுப்பது காற்றாகத்தான் இருக்க வேண்டும், நீராவி கூடாது.

இந்த நிபந்தனையை நான் ரொம்ப ரசிப்பேன். மீன்வளத்தைக் காக்க இன்றைக்கு நாம் போடுகிற விதிகளுக்கெல்லாம் கணக்கு, அளவு, ஆய்வாளர் என்று எத்தனையோ வேண்டும். இது அப்படியில்லை. காற்று இல்லாத நாளில் பாருக்கு விடுமுறை. புயல் நாளில் விடுமுறை. நிறைய இழுக்கலாம் என்று ஆசைப்பட்டாலும் பாயின் பலத்துக்கு மேல் இழுக்க முடியாது. வானமே ஆய்வாளர்.

ஆனாலும் பேராசை பெரிசுதான். 1884-85 பருவத்தில் மட்டும் மேரிலாந்தில் ஏறக்குறைய 1.5 கோடி புஷல் சிப்பி எடுத்தார்கள். புஷல் என்றால் பெரிய கூடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்ஃபீல்டு என்ற ஊரின் கடலோரப் பகுதியே சிப்பி ஓட்டைக் கொட்டி நிரப்பிய நிலத்தின் மேல் நிற்கிறது. இடுக்கிக்காரர்களுக்கும் வாரிக்காரர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை. இரண்டு மாநிலத்துக்காரர்களுக்கும் நடுவே இன்னொரு சண்டை. 1868-ல் இதற்கென்றே ஒரு சிப்பிப் போலீஸ் படையை மாநிலம் அமைக்க வேண்டியதாயிற்று. 1888 டிசம்பரில் செஸ்டர் ஆற்று முகத்தில் அந்தப் படையின் நீராவிக் கப்பல் திருட்டு வாரிப் படகுகளோடு மோதி, இரண்டை மூழ்கடித்தது. இந்தப் பகை லேசில் அடங்கவில்லை. 1959-ல்கூட பொடோமக் ஆற்றில் வர்ஜீனியாக்காரர் ஒருவர் மேரிலாந்துப் போலீஸின் குண்டுக்குப் பலியானார். அதன் பிறகுதான், 1962-ல், அந்த ஆற்றின் மீன்வளத்தை இரண்டு மாநிலமும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் கென்னடி கையெழுத்திட்டார்.

வேலையாட்கள் கதை இன்னும் கொடுமை. குளிர்காலத்தில் விஞ்சு, அதாவது வாரியின் கயிற்றைச் சுற்றி இழுக்கிற உருளையை, கையால் சுற்றுகிற வேலைக்கு யாரும் விரும்பி வர மாட்டார்கள். கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய, ஆங்கிலம் தெரியாத ஏழைகளைப் பால்டிமோர்ச் சாராயக்கடைகளில் பிடித்துப் படகில் ஏற்றிவிடுவார்கள். பருவம் முடிந்து கூலி கொடுக்கிற நேரத்தில் மாலுமித் தலைவன் சுக்கானைச் சட்டென்று திருப்புவான். பாயின் அடிக்கட்டை வேகமாக வீசி வந்து ஆளைத் தண்ணீரில் தள்ளும். கணக்கு முடிந்தது. "கட்டையால் கூலி கொடுப்பது" என்று இதற்கு ஒரு சொல்லே அங்கே உண்டு. எல்லாப் படகும் அப்படி இல்லை. ஆனால் அந்தச் சொல் சும்மா பிறக்கவில்லை.

இத்தனை சொல்லியும் ஸ்கிப்ஜாக் இன்னும் வரவில்லை பாருங்கள். அது வந்ததே விருந்து முடிகிற நேரத்தில்தான், 1890-களில். அதுவரை வாரி இழுத்ததெல்லாம் பெரிய படகுகள். இரட்டைப் பாய்மர ஸ்கூனர்கள், பங்கிகள், அப்புறம் 'பக்ஐ' என்ற வகை. பக்ஐயைத் தடித்த மரங்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் குடைந்து செய்வார்கள். 1889-ல் கட்டிய எட்னா இ. லாக்வுட் என்ற பக்ஐயின் அடிப்பாகம் ஒன்பது பைன் மரத் துண்டுகளை இணைத்தது. அப்படிப்பட்ட மரங்கள் குறைந்துகொண்டே வந்தன, சிப்பியும் குறைந்துகொண்டே வந்தது. வருமானம் பாதியாகும்போது பழைய விலைக்குப் படகு கட்ட முடியுமா? விலை குறைந்த படகு தேவைப்பட்டது.

ஸ்கிப்ஜாக்கின் முழு அழகும் அந்தக் கஞ்சத்தனத்தில் இருக்கிறது. உருண்டை அடிப்பாகம் கொண்ட படகு கட்ட, வங்குகளை, அதாவது படகின் விலா எலும்புகளை, வளைக்க வேண்டும். பலகையை நீளவாக்கில் முறுக்கிப் பொருத்த வேண்டும். அதற்குத் தேர்ந்த ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சன், வேண்டும். ஸ்கிப்ஜாக்கின் அடி உருண்டை இல்லை, அகலமாக விரித்துவைத்த புத்தகத்தின் முதுகு மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் இறங்கி இருக்கும். அடிப்பலகைகள் நீளவாக்கில் ஓடாமல், நடுக்கட்டையிலிருந்து இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரி சாய்வாக இறங்கும். எல்லாம் குட்டையான நேர்ப் பலகை. வளைக்கிற வேலை மிகக் கொஞ்சம். வீடு கட்டுகிற தச்சன், கையில் இருக்கிற உளியும் வாய்ச்சியும் வைத்துக்கொண்டு வீட்டுக் கொல்லையிலேயே கட்டிவிடலாம். கட்டினார்கள். கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று, அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், அடி. அங்கே தட்டையான பலகை படியாது. கனத்த கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வாய்ச்சியால் செதுக்கிச் செதுக்கி வளைவு எடுப்பார்கள்.

வரைபடம் கிடையாது. அளவெல்லாம் வாய்க்கணக்கு. பாய்மரத்தின் நீளம் தளத்தின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் வருவது. பாயின் அடிக்கட்டை தளத்தின் நீளம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குக்கட்டை படகின் அகலம். 46 அடித் தளமும் 16 அடி அகலமும் இருந்தால் மரம் 62 அடி, முடிந்தது கணக்கு. ஒரே மரம், அதுவும் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். முக்கோணப் பெரும்பாய் ஒன்று, முன்னால் சின்னப் பாய் ஒன்று. மேலே ஏறிப் பாய் கட்ட ஆள் வேண்டாம், எல்லாம் தளத்தில் நின்றே இழுக்கலாம். ஆழ்ந்த ஏரா, அதாவது அடியில் நீண்டு இறங்கும் கட்டை, கிடையாது. நடுவில் ஒரு பெட்டிக்குள் தூக்கி இறக்குகிற பலகை. அதைத் தூக்கிவிட்டால் இடுப்பளவுத் தண்ணீரிலும் படகு போகும். பக்கச் சுவரின் உயரமும் ரொம்பக் குறைவு. அழகுக்காக அல்ல, நிறைந்த வாரியைக் குனிந்து உள்ளே இழுக்கிறவனின் முதுகுக்காக.

இவ்வளவு கஞ்சத்தனத்திலும் ஒரே ஒரு ஆடம்பரம் விட்டுவைத்தார்கள். அணியத்தின் இரண்டு பக்கமும் செதுக்கி வண்ணம் தீட்டிய பெயர்ப்பலகை. கொடி, கழுகு, இலைக்கொடி, நடுவே படகின் பெயர், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பெயர். நம் ஊரில் லாரிக்கு முன்னால் எழுதுவது ஞாபகம் வருகிறதா? அதே குணம்தான்.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பலகைப் பெட்டி ஒழுகிக்கொண்டே இருக்கும். குறுக்குப் பலகை அடி என்பதால் நீளவாக்கில் பலம் குறைவு. வயதானால் அணியமும் பின்புறமும் தொங்கி, நடு மேலே எழும்பி, பழைய கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்த மாதிரி ஆகிவிடும். யாரும் இதை நூறு வருஷம் வாழ வேண்டிய படகு என்று கட்டவில்லை. உழைத்துத் தேய்ந்ததும் ஓடைக்கரையில் ஒதுக்கிவிட்டு இன்னொன்று கட்டிக்கொள்வதுதான் எண்ணம்.

சரி, வேலை எப்படி நடக்கும்? நவம்பர் தொடங்கி மார்ச் வரை பருவம், அதாவது நடுங்குகிற குளிர். விடியும் முன்பே படகு பாரில் நிற்கும். ஐந்தாறு பேர். மாலுமித் தலைவன் பின்னால் சுக்கான் சக்கரத்தில். படகின் நடுவே இரண்டு பக்கமும் உருளைகள், அவற்றின் மேல் இரண்டு வாரிகள், நடுவில் விஞ்சு. காற்று பக்கவாட்டில் வரும்படி படகை நிறுத்திப் பாரின் குறுக்கே ஓட்ட வேண்டும். தலைவன் ஒரு சொல் சொன்னதும் இரண்டு வாரியும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழும். கம்பி விறைக்கும். படகு சட்டென்று யாரோ வாலைப் பிடித்த மாதிரி மெதுவாகும்.

இங்கேதான் கைத்திறன். வேகம் கூடினால் வாரி தாவும், பல் பாரில் பதியாது. குறைந்தால் மண்ணை வாரும். காற்று கூடினால் பாயைச் சுருக்குவது படகைக் காப்பாற்ற மட்டும் இல்லை, வாரியை அடியில் வைத்திருக்கவும்தான். தலைவனுக்கு அடி தெரியாது, ஆனால் இறுகி நிற்கிற கம்பியில் கை வைத்தால் போதும். சிப்பி மேல் போனால் கம்பி கடகடவென்று அதிரும். சேற்றில் போனால் செத்த மாதிரி கிடக்கும். நல்ல இடம் அகப்பட்டால் உடனே ஒரு மிதவையை எறிந்து அடையாளம் வைப்பான். வாரி நிறைந்ததும் விஞ்சு சுற்றும், வாரி உருளை மேல் ஏறி வரும், ஆட்கள் அதைப் பிடித்துக் கவிழ்ப்பார்கள். தளத்தில் ஓடு, கல், சேறு, நண்டு, நடுவே சிப்பி. ஒரு முறை பாரைக் கடப்பதை அங்கே 'லிக்' என்பார்கள், ஒரு நக்கு. அடுத்த நக்குக்குப் படகைத் திருப்புவதற்குள் ஆட்கள் மண்டியிட்டுப் பொறுக்கி முடிக்க வேண்டும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த சிப்பியும் வெறும் ஓடும் மறுபடி தண்ணீருக்கே போக வேண்டும் என்பது விதி. ஓட்டில்தானே அடுத்த குஞ்சு ஒட்டும்? கணுக்கால் வரை ஈரம், கையுறைக்குள் விறைத்த விரல், நாளெல்லாம் மண்டி. பல படகுகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் கறுப்பின மக்கள். அவர்களில் சொந்தப் படகு வைத்து ஓட்டிய தலைவர்களும் உண்டு.

இப்போது எஞ்சின் விஷயம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்சுக்கு மட்டும் பெட்ரோல் எஞ்சின் அனுமதித்தார்கள், அது படகை நகர்த்தாது என்பதால். நகர்த்துவதற்கு? படகுக்குள் எஞ்சின் வைக்கக் கூடாது. ஆனால் துறைமுகத்துக்குப் போய்வர வேண்டாமா? அதற்கு ஒரு குட்டித் தள்ளுபடகு. அதன் உடம்பில் பாதி எஞ்சின்தான். பின்புறம் வந்து மூக்கை முட்டுக்கொடுத்துப் பெரிய படகைத் தள்ளும். பாருக்கு வந்ததும் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பின்னால் இரண்டு இரும்புக் கைகளில் தொங்கவிட்டாக வேண்டும். இதில் சட்டத்தின் சாமர்த்தியம் பாருங்கள். தொங்குகிறதா, தண்ணீரில் இருக்கிறதா என்பது ஒரு மைல் தூரத்திலிருந்தே போலீஸுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் ஃபால் ஆற்றிலும் இதே கதை உண்டு. அங்கேயும் உள்ளூர் விதியின்படி பாயாலும் துடுப்பாலும் மட்டும்தான் சிப்பி வாரலாம், அதனால் அங்கேயும் பழைய பாய்ப்படகுகள் பிழைத்திருக்கின்றன. இரண்டு இடத்திலும் சட்டம் காக்க நினைத்தது சிப்பியை. கூடவே படகும் பிழைத்துக்கொண்டது.

மேரிலாந்தில் சிப்பி பிழைத்ததா என்றால், இல்லை. ஓட்டைச் சாலைக்கும் சுண்ணாம்புக்கும் கோழித் தீவனத்துக்கும் கொண்டுபோனதில் குஞ்சுக்கு ஒட்ட இடம் குறைந்தது. வயல்களிலிருந்து மண்ணும் உரமும் இறங்கின. 20-ம் நூற்றாண்டின் நடுவில் எம்.எஸ்.எக்ஸ், டெர்மோ என்று இரண்டு நோய்கள் தலைகாட்டின. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, சிப்பியைப் பூண்டோடு அழிக்கும். 1980-களில் அவை பார்களைத் துடைத்தெடுத்தன. 1.5 கோடி புஷல் என்று மேலே சொன்னேன் அல்லவா? 2003-04-ல் மாநிலம் முழுக்க எடுத்தது ஏறக்குறைய 26,000.

இதற்கெல்லாம் முன்பே, வருமானம் விழத் தொடங்கியதும் பாய்க்காரர்கள் சலுகை கேட்டார்கள். 1960-களின் பிற்பகுதியில் வாரத்தில் இரண்டு நாள் தள்ளுபடகை இறக்கியே வாரலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். என் பார்வையில் ஸ்கிப்ஜாக் பாய்மரப் படகாக இருந்தது அன்றோடு முடியத் தொடங்கியது. எஞ்சின் நாளில் காற்றைப் பார்க்க வேண்டாம், ஆட்களும் குறைவாகப் போதும். இருக்கிற கொஞ்சச் சிப்பியை அந்த இரண்டு நாளிலேயே வாரிவிட்டு மற்ற நாள் வீட்டில் இருந்துவிட்டார்கள் பலர். பாயைச் சுருட்டிக் கட்டிவைத்த பாய்மரப் படகை, கார் எஞ்சின் வைத்த குட்டிப் படகு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் 1865-ன் அந்த விதியின் உயிர்நாடியே காற்றில்லாத நாளில் வேலை இல்லை என்பதுதான். அது போய்விட்டது.

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தவை, 1985-ல் மேரிலாந்து ஸ்கிப்ஜாக்கை மாநிலப் படகாக அறிவித்தபோது 35 அளவுக்கு வந்திருந்தன. அமெரிக்காவில் பாயில் ஓடிய கடைசி வணிகப் படகுக் கூட்டம் அதுதான். இருப்பதில் மூத்தது ரெபேக்கா டி. ருவார்க், 1886-ல் கட்டியது. கண்டிப்பாகச் சொன்னால் அது ஸ்கிப்ஜாக்கே இல்லை, உருண்டை அடி கொண்ட பழைய வகை. வேலையால் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. 1999 நவம்பரில் வாரிக்கொண்டிருக்கும்போதே புயலில் மூழ்கியது, ஆட்கள் தப்பினார்கள், மாநிலம் உதவி செய்து படகைத் தூக்கிவிட்டது. இத்தனை வயதான மரப் படகில் 'அசல்' எது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வருஷாவருஷம் ஒரு பலகை, ஒரு வங்கு என்று மாற்றிக்கொண்டே வந்திருப்பார்கள்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் செயின்ட் மைக்கேல்ஸ் ஊரில் உள்ள செசபீக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே ரோஸி பார்க்ஸ் இருக்கிறது. 1955-ல் விங்கேட் ஊரில் பிரான்ஸா பார்க்ஸ் என்ற ஓடாவி கட்டியது, ரோஸி அவருடைய அம்மாவின் பெயர். சிப்பித் தொழில் பழைய அளவுக்கு இல்லாத காலத்தில் மூன்று ஸ்கிப்ஜாக்குகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நிறுத்திக் கட்டியவர். 1958-ல் படகு கட்டச் சொன்ன ஒருவரே தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார். கேம்பிரிட்ஜ் ஊரில் தொண்டர்கள் சேர்ந்து கட்டி 1994-ல் தண்ணீரில் இறக்கிய நேதன் ஆஃப் டார்செஸ்டர் இருக்கிறது, அதில் பயணிகளும் ஏறலாம். செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின விடுமுறைக்குப் போனால் டீல் தீவில் இவற்றின் பந்தயம் நடக்கும். அன்றைக்கு இவற்றைப் பாய் முழுசாக விரித்த கோலத்தில் பார்க்கலாம்.

கடைசியாகப் பெயர். தண்ணீருக்கு மேல் துள்ளுகிற ஒரு மீனின் பெயரை வைத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்வது. ஆனால் அங்கே போய்ப் பழைய ஆட்களிடம் பேச நேர்ந்தால் ஸ்கிப்ஜாக் என்று தேடாதீர்கள். வாரிப் படகு என்று அர்த்தம் வரும்படி 'ட்ரெட்ஜ் போட்' என்பார்கள், அவர்கள் வாயில் அது 'ட்ரட்ஜ்' என்று மாறும். இல்லாவிட்டால் வெறும் 'பேட்டோ', படகு, அவ்வளவுதான்.